குட்டைப் பீரங்கியும் ஒரு குடம் தண்ணீரும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு பெர்த்தா மதினி. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தவசு காலம். என் மூத்தவன் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். நான் அவன் மனசு நோகிற மாதிரி என்னவோ சொல்லிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மதினி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, "உனக்கு பீரங்கி லாசர் கதை தெரியுமா?" என்றார்.

மதினிக்கு அவர் அப்பா சொன்னதாம். மதினி சொன்னபடியே சொல்கிறேன்.

கும்பினிக்காரர் ஆண்ட காலம். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். ஊருக்குத் தெற்கே மணல்மேட்டில் ஒரு குருசடி. கல்லில் ஒரு சிலுவை, மேலே ஓலைக்கூரை, ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு நல்லதண்ணீர்க் கிணறு. அவ்வளவுதான்.

அந்தக் குருசடியைப் பார்த்துக்கொண்டவர் மதலேனம்மாள். முத்துக் குளிக்க இறங்கிய அவர் புருஷன் மேலே வரவில்லை. அன்றிலிருந்து விளக்குக்கு எண்ணெய் விடுவதும், திருக்கை முள் குத்தி வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதும், கேட்டவர்களுக்காக ஜெபம் சொல்வதுமாக அங்கேயே இருந்துவிட்டார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஊரில் யாருக்கு மனசு அடைத்தாலும் அந்த மேட்டைத்தான் ஏறுவார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சீஷர். அந்தச் சீஷருக்கு வயது ஐம்பத்தொன்பது. பெயர் லாசர். சரக்குக் கப்பல்களில் முப்பது வருஷம் பீரங்கிக்காரராக இருந்தவர். ஒரு புருவம் கருகிப் போனது, திரும்ப முளைக்கவே இல்லை. வலது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் அவர் மெதுவாகப் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு மேடேறி வந்து, "அம்மா, எனக்கு ஜெபம் பண்ணக் கத்துக்கொடுங்க" என்றார். மதலேனம்மாள் அவரிடம் ஒரு பழைய சேலையைக் கொடுத்துத் திரி திரிக்கச் சொன்னார். மூன்று வருஷமாகத் திரித்துக்கொண்டிருக்கிறார்.

லாசர் அவரை அம்மா என்பார். மதலேனம்மாள் இவரை அண்ணே என்பார்.

ஒரு நாள் மன்னாரிலிருந்து தோணி வந்தது. தோணிக்காரர் தொம்மை நேரே லாசர் வீட்டுக்கு வந்தார்.

"லாசரண்ணே, உங்க மக பிரகாசி ஒரு சேதி சொல்லிவிட்டா."

லாசர் எழுந்து நின்றார். மகள் சேதி அனுப்பி ஆறு வருஷம் ஆயிற்று.

"அவளுக்கு இப்ப எட்டாம் மாசம் பிறக்கப் போகுது. தலைப்பிள்ளை. பேறு தாய் வீட்டுலதான் நடக்கணும்னு மாமியாக்காரி சொல்லுதாளாம். மங்கள வார்த்தைத் திருநாளன்னைக்கு என் தோணியில வாறா. 'அப்பா முகத்தைப் பாப்பேன். இருக்கலாம்னு தோணினா இருப்பேன். இல்லேன்னா அதே தோணியில திரும்பிருவேன்'ன்னா. அவ சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். நீங்க என்மேல கத்தாதீங்க."

"நான் எங்கலே கத்துனேன்?" என்று லாசர் கத்தினார்.

அன்று விபூதிப் புதன். திருநாளுக்கு இன்னும் நாற்பது நாள்.

நெற்றியில் சாம்பலோடு அவர் குருசடிக்கு ஏறினார். மதலேனம்மாள் விளக்கைத் துடைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு கேள்வி."

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க அண்ணே. விளக்கு அணைஞ்சிரும்."

லாசர் மணலில் உட்கார்ந்தார். மதலேனம்மாள் அவருடைய இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். அதுதான் கேட்கிற காது.

"ஊருக்கு நான் நல்லவன். தெருவில போறவன் ஒருத்தனை நான் நோகடிச்சது கிடையாது. ஆனா என் கிட்டத்துல இருந்தவங்க ஒருத்தர் விடாம நொறுங்கிப் போனாங்க. என் பொஞ்சாதி கித்தேரி இருந்தவரைக்கும் அழுதா. மக கடலைத் தாண்டிப் போயிட்டா. எனக்குள்ள அன்பே கிடையாதா அம்மா?"

மதலேனம்மாள் கடல் பக்கம் பார்த்தார்.

"நீங்க கப்பல்ல என்ன பீரங்கி வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்குத் தெரியாதே. சொல்லுங்க."

தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் லாசருக்கு முகமே மாறிவிடும். மணலில் விரலால் ஒரு நீளக் கோடு போட்டார்.

"முதல்ல இது. நீளப் பீரங்கி. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கணும். குண்டு மாதுளம்பழம் அளவுதான். ஆனா தூரம் போகும். அந்தா அந்தப் பனையிலேருந்து நம்ம கோயில் வரைக்கும் போகும்."

பக்கத்தில் ஒரு குட்டைக் கோடு போட்டார்.

"பிறகு இது வந்துது. சீமையில ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு இரும்பு உலையில வார்த்ததுன்னு எங்க துரை சொன்னார். பாத்தா சிரிப்பு வரும். பன்னிக்குட்டி படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். கனம் குறைச்சல், மூணு பேர் போதும். சக்கரமும் கிடையாது, ஒரு வழுக்குப் பலகை மேல முன்னாலயும் பின்னாலயும் போய்வரும். வெடிமருந்தும் கொஞ்சம் போட்டாப் போதும். ஆள் கூலி மிச்சம்னு முதலாளிமார் எல்லாம் அதையே வாங்கிப் போட்டாங்க. ஆனா குண்டு இருக்கே அம்மா, உரிச்ச தேங்காய் அளவு!"

"தூரத்துக்கு எட்டுமா?"

"எட்டாது. பாதியிலயே கடல்ல விழுந்துரும். கிட்ட வரணும். அடுத்த கப்பல்காரன் முகம் தெரியிற கிட்டத்துல வரணும். வந்துட்டா, பலகை சிம்பு சிம்பாப் போகும். வெள்ளைக்கார மாலுமிகளே அதுக்கு நொறுக்கின்னு பேர் வச்சிருந்தானுக."

"அப்படின்னா உங்க கப்பல் கிட்ட பிறகு யார் வருவா?"

லாசர் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார்.

"முதல் வருஷம் வந்தானுக. மலாக்காப் பக்கம் கடல்கொள்ளைக்காரங்க. வந்தவன் ஒருத்தனும் உருப்படியாத் திரும்பிப் போகல. அடுத்த வருஷம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. குட்டைப் பீரங்கிக் கப்பல், கிட்டப் போகாதேன்னு. எட்டாத தூரத்துல நின்னுக்கிட்டானுக. நம்ம குண்டு ஒவ்வொண்ணாத் தண்ணியில விழும். அவனுக நின்னு பாத்துட்டே இருப்பானுக."

சொல்லிவிட்டு மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரகாசி ஆறு வருஷமா மன்னார்ல நிக்கிறா" என்றார்.

"இப்ப கிட்ட வாறாளே அண்ணே" என்றார் மதலேனம்மாள்.

"அதுதான் பயமா இருக்கு. அவ வர வேண்டாம்மா. நான் ஒரு கடுதாசி எழுதிப் போடட்டுமா? கடுதாசியில நான் நல்லா எழுதுவேன்."

"குட்டைப் பீரங்கி தூரத்துக்கு எட்டாதுன்னீங்க."

காற்று மணலைக் கொண்டுவந்து குட்டைக் கோட்டை மெல்ல மூடியது.

"அதைச் சுடும்போது சுடுகிறவனுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று மதலேனம்மாள் கேட்டார்.

லாசர் கருகின புருவத்தைத் தடவினார். இந்த இடத்துக்கு வரும்போது மதினி கொஞ்ச நேரம் நிறுத்தினார், எனக்கு நினைவிருக்கிறது.

"ஆகும்" என்றார் லாசர். "நீளப் பீரங்கிக்கு வாய் கப்பலுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். நெருப்பு கடல் பக்கம் போயிரும். குட்டைக்கு அப்படி இல்ல. வாய் கப்பலோரத்தோட நின்னுரும். சுட்டா, நெருப்பு நாக்கு நம்ம கப்பலையே நக்கும். பாய்மரத்தை இழுத்துக் கட்டின கயிறெல்லாம் அங்கதான் இறங்குது. எல்லாம் கீல் பூசின கயிறு. சட்டுனு பிடிச்சுக்கும். அதனால சுடுறதுக்கு முன்னால கயிற்றை நனைக்கணும். வாளி வாளியாக் கடல்தண்ணி மொண்டு, கயிறும் ஓரத்துப் பலகையும் சொட்டச் சொட்ட நனைச்சுட்டு, பிறகுதான் திரியைத் தொடணும். அது முறை."

"நனைச்சீங்களா?"

"முதல் தடவை நனைக்கல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. சிரிச்சேன். நான் நீளப் பீரங்கியில இருபது வருஷம் பழகினவன். எதிரி வந்து நிக்கும்போது எவனாவது தன் கயித்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பானான்னு கேட்டேன். ரபேல்னு ஒருத்தன், என் கூட்டாளி, கயித்துமேல ஏறிப் பாயை இறக்கிட்டு இருந்தான். 'லாசரு, நனைச்சியாலே?'ன்னு மேலேருந்து கேட்டான். கேட்டது காதுல விழுந்துது. அப்ப ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்கும். நான் திரியை வச்சுட்டேன்."

மதலேனம்மாள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"எதிரிக் கப்பல் நொறுங்கிச்சு. கப்பல் முழுக்க மெச்சினாங்க. ரபேல் ஏறி நின்ன கயிறும் எரிஞ்சுபோச்சு. அவன் கடல்ல விழுந்ததை நான் மட்டுந்தான் பாத்தேன்."

மதலேனம்மாள் கேட்டார். "பிரகாசிகிட்ட என்ன சொன்னீங்க அண்ணே?"

ஊரில் யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை. லாசர் குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"கப்பலேருந்து வந்து இறங்கினேன். கித்தேரியை அடக்கம் பண்ணி ரெண்டு நாள் ஆச்சுன்னு கரையிலேயே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்தேன். பிரகாசி வாசல்ல நின்னா. பத்தொம்பது வயசு. நாலு மாசம் ராப்பகலா ஆத்தாளைப் பாத்தவ. என்னைக் கண்டதும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடி வந்தா. நான்..."

"சொல்லுங்க."

"'நீ கூட இருந்துமா செத்தா?'ன்னு கேட்டுட்டேன்."

சிலுவையடியில் விளக்குத் திரி சடசடவென்று பொரிந்தது. மதலேனம்மாள் எழுந்துபோய் அதைத் தூண்டிவிட்டு வந்தார். வரும்போது கையில் ஒரு மண்குடம் இருந்தது.

"நாளைக் காலையிலேருந்து, எழுந்திரிச்சதும் இந்தக் கிணத்துல ஒரு குடம் தண்ணி எடுங்க. அது காலியாகிற வரைக்கும் யார்கிட்டயும் முதல் வார்த்தை பேசாதீங்க."

"எங்க ஊத்தணும்?"

"எது வாடியிருக்கோ அதுல."

"இது எத்தனை நாளைக்கு?"

"தினமும்."

"இதுதான் ஜெபமா அம்மா?"

"குடம் ஒரு பக்கம் கீறியிருக்கு. பாத்துத் தூக்குங்க" என்றார் மதலேனம்மாள்.

மறுநாள் காலையில் லாசர் குடத்தோடு தெருவில் வந்தார். எதிரே மீன்கூடையோடு சூசையம்மா. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"என்னண்ணே, பீரங்கிக்குத் தாகமா?"

லாசர் பேசவில்லை. சுற்றும்முற்றும் பார்த்து, அவள் வீட்டு முருங்கைக் கன்றில் தண்ணீரை ஊற்றினார். காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, "உனக்கு வேற வேலையே இல்லையாட்டீ?" என்றார்.

அதைச் சொல்லும்போதே பாதிக் கோபம் போயிருந்தது. சூசையம்மாவே கொஞ்சம் ஏமாந்துபோனாள்.

இப்படியே நாள் போயிற்று. ஒரு நாள் வேம்புக்கு ஊற்றினார். ஒரு நாள் கட்டிப்போட்டிருந்த ஆட்டுக்கு வைத்தார். ஒரு நாள் ஒன்றும் அகப்படாமல், வெயிலில் வெடித்துக் கிடந்த யாருடைய வள்ளத்தின் பலகை மேலோ ஊற்றினார். பன்னிரண்டாம் நாள், குடத்தை இறக்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு வந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டார். குடத்துத் தண்ணீர் அவர் மார்பிலேயே சிந்தியது. வெட்கத்தோடு மேடேறினார்.

"அம்மா, இன்னைக்குத் தவறிட்டேன்."

"தெரியும். இங்க கேட்டுது."

"இப்ப என்ன செய்ய?"

"நாளைக்கு ஒரு குடம்."

ஒரு பக்கம் இது நடந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் லாசர் மகளிடம் சொல்லவேண்டியதைக் கட்டிக்கொண்டிருந்தார். திரி திரிக்கும்போதெல்லாம் வாய் அசையும். முப்பதாம் நாள் அது முழுசாகிவிட்டது. மதலேனம்மாள் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். அதில் ஆதாம் ஏவாள் இருந்தார்கள். ஊதாரிப் பிள்ளை இருந்தான். கடல்காற்று இருந்தது, கப்பலில் பட்ட கஷ்டம் இருந்தது, முதலாளி விடுப்புத் தராதது இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் கிழவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்கும்மா?"

"தூரத்துக்கு நல்லாப் போகும்" என்றார் மதலேனம்மாள்.

லாசருக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது குடத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

திருநாள் வந்தது. விடிந்து, கடல் வெள்ளியாக இருந்தது. லாசர் கிணற்றில் தண்ணீர் எடுத்து மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே பாய் தெரிந்துவிட்டது. திருநாள் பூசைக்குப் பிறகுதான் தோணி வரும் என்று நினைத்திருந்தார். குடத்தை எங்கேயும் ஊற்றவில்லை. முதல் வார்த்தையும் இன்னும் பேசவில்லை. அப்படியே கரைக்கு ஓடினார்.

தொம்மை தோணியைக் கரையேற்றவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, நங்கூரக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். நங்கூரத்தைப் போடவுமில்லை. ஒரு தகரப் பெட்டி தோணியிலேயே இருந்தது. தோணியில் கூட வந்த இரண்டு பெண்கள் தாங்கிப்பிடிக்க, பிரகாசி மெதுவாக இறங்கி, அலை வந்து திரும்புகிற ஈர மணல்வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். அதற்கு மேல் வரவில்லை.

லாசருக்கும் அவளுக்கும் நடுவில் பத்து அடி இருக்கும்.

அவள் அப்படியே கித்தேரி மாதிரி இருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கால் இரண்டும் வீங்கி, உப்பும் மணலும் அப்பிக் கிடந்தன. மூன்று நாள் தோணியில் மடக்கிவைத்த கால்.

லாசருக்கு நெஞ்சு பதறியது. பதறினால் அவருக்குக் குரல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். 'இந்த நிலைமையில கடல்லயா வருவே, அறிவு இருக்கா உனக்கு?' அதுதான் தொண்டையில் வந்து நின்றது. முப்பது நாள் கட்டிவைத்தது ஒன்றும் கிட்டே வரவில்லை. இதுதான் வந்தது. வாய் திறந்துவிட்டது.

அவர் வாய் திறப்பதைப் பிரகாசி பார்த்தாள். அவள் கை தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டது.

லாசர் அந்தக் கையைப் பார்த்தார்.

தோளில் குடம் கனத்தது. அப்போதுதான் அது அங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டார். பத்து அடியையும் நடந்தார். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அதற்குள் அவர் ஈர மணலில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். குடத்தைச் சாய்த்து, அவள் வலது காலில் தண்ணீரை ஊற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக. பீரங்கியைத் துடைத்துக் காய்த்துப்போன கையால் விரலிடுக்கில் இருந்த மணலைத் தள்ளினார். பிறகு இடது கால். கிணற்றுத் தண்ணீர். அதில் உப்பு கிடையாது.

அலை வந்தது, போயிற்று.

குடம் காலியானது. லாசர் அதை ஆட்டிப் பார்த்தார். நிமிரவில்லை.

தலைக்கு மேலே மகள் குரல் கேட்டது. இடது காதுப் பக்கம்தான் கேட்டது.

"யப்பா... இன்னும் கொஞ்சம் இருக்கா?"

லாசர் எழுந்தார். மேட்டைப் பார்த்து ஓடினார். ஐம்பத்தொன்பது வயதுக்காரர், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய ஓடினார். பூசைக்குப் புறப்பட்டு வந்த ஊர்ச்சனம் பார்த்தது. சூசையம்மா வாயில் கைவைத்தாள். அவர் இரண்டாம் குடம் கொண்டுவந்தார். பிரகாசி இரண்டு கையாலும் ஏந்தி முகம் கழுவினாள். மூன்றாம் குடம் கொண்டுவந்தார். அதை அவள் குடித்தாள். குடித்துவிட்டு, மிச்சத் தண்ணீரை அவர் தலையில் வழிந்த வேர்வைமேல் மெல்லத் தெளித்தாள்.

தோணியிலிருந்து தொம்மை கூப்பிட்டார். "ஏ பிரகாசி! கயிற்றைப் பிடிச்சுப் பிடிச்சு என் கை மரத்துப்போச்சு தாயீ. நங்கூரத்தைப் போடவா, வேண்டாமா?"

பிரகாசி திரும்பிப் பார்த்தாள்.

"பெட்டியை இறக்குங்கண்ணே" என்றாள்.

அன்று சாயங்காலம், வெயில் தாழ்கிற நேரத்துக்கு லாசர் குருசடிக்கு வந்தார். மதலேனம்மாள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தார். லாசர் பேச்சு அவ்வளவு தணிவாக இருந்ததால், இரண்டு காதும் கேட்கிற மதலேனம்மாளே கிட்டே குனியவேண்டியிருந்தது.

"பிரகாசி தூங்குறா அம்மா. ஆத்தா படுத்திருந்த இடத்துலயே படுத்துத் தூங்குறா."

"சந்தோஷம்."

"நான் இன்னைக்கு முழுக்க அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு வேணுமான்னு கையால கேட்டேன். 'யப்பா, உங்களுக்கு வாயும் போச்சா?'ன்னு சிரிக்கிறா."

மதலேனம்மாளும் சிரித்தார்.

"ஆனா அவ எழுந்திரிச்சா நான் பேசணும். பேசாம இருந்துட்டா அந்தப் பழைய சொல்லு அங்கேயே கிடக்கும். பேசினா மறுபடி என்ன வருமோன்னு பயமா இருக்கு. ஒப்பிச்சேனே, அது அத்தனையும் போயிட்டு. ஆதாம் ஏவாளையும் காணோம், முதலாளியையும் காணோம்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒரே ஒரு சொல்லு நிக்குது."

மதலேனம்மாள் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"'நீ கூட இருந்தே. நான்தான் இல்லாமப் போனேன்.' அவ்வளவுதான்மா. வேற ஒண்ணும் இல்ல."

"கனமா இருக்கா?"

"தூக்க முடியல."

மதலேனம்மாள் அவரைப் பார்த்தார். முட்டிவரைக்கும் ஈர மணல் ஒட்டியிருந்தது. வேட்டி ஓரம் இன்னும் காயவில்லை. தலைமுடியிலும் மகள் தெளித்த தண்ணீர் போகவில்லை.

"கயிறெல்லாம் நனைஞ்சுதா அண்ணே?"

லாசர் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"நனைஞ்சுது" என்றார்.

"அப்ப கிட்டப் போங்க."

இவ்வளவுதான் கதை. பெர்த்தா மதினி சொல்லிவிட்டு எழுந்து, மீன் ஆய்ந்தது போதாதென்று குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் என் மூத்தவன் வருகிறான். அவன் என் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆயிற்று. உங்களுக்கு நேரம் இருந்தால் எனக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுங்கள். ஒன்று போதும்.